எது தேன் தரும் செடி?

ஓர் ஊரில் எத்தனை வகைப் பூச்செடிகள் உள்ளன என்பது தேனீ வளர்ப்பவருக்குப் பெரிய செய்தி அல்ல. எந்த மாதத்தில் எந்தச் செடி பெட்டியை நிரப்பும், எது தேனீக்களைப் பட்டினியிலிருந்து காக்க மட்டும் உதவும், எது பூத்துக் குலுங்கினாலும் ஒரு துளியும் தராது என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். கேள்வி எளியதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பூவில் தேனீ உட்காருவதைப் பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. பூக்கும் மாதங்களைப் பட்டியலிட்டவர்கள், செடி சுரக்கும் இனிப்பு நீரான மதுரத்தை அளந்தவர்கள், தேனில் கிடக்கும் மகரந்தத்தை எண்ணியவர்கள், பெட்டியையே தராசில் ஏற்றியவர்கள் என்று வேறு வழிகளில் போனவர்களும் உண்டு. இந்த முறைகளை உரசிப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தேன் நல்ல உரைகல். தென்னிந்தியாவில் பெட்டித் தேன் பெருமளவில் கிடைக்கும் வட்டாரங்களில் ஒன்று அது. அங்கே பெட்டியை நிரப்புவது பூவே அல்ல.

பூவைப் பார்த்துச் சொன்னது

மிகப் பழைய முறை கண்ணால் காண்பதுதான். குறுந்தொகையின் 3ஆம் பாடலில் மலைநாட்டின் பெருந்தேன், கரிய தண்டுடைய குறிஞ்சியின் பூவோடு சேர்த்துப் பேசப்படுகிறது. குறிப்பிட்ட செடியின் பெயரைத் தேனோடு இணைக்கும் தொன்மையான தமிழ்ச் சான்றுகளில் அதுவும் ஒன்று. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. அண்மையில் 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகளை மூடிப் பூத்தது. அந்த ஆண்டுகளில் எடுக்கும் தேனுக்குத் தனிப் பெயர் கிடைப்பது இயல்பு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பெட்டியை நம்பிப் பிழைப்பவருக்கு 12 ஆண்டுப் பூவால் பயன் சொற்பம்.

பிற்காலத்தில் சித்த மருத்துவ மரபு தேனை வேறு வகையில் பிரித்தது. மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், மனைத்தேன், புற்றுத்தேன் என்று அது அடை தொங்கும் இடத்தால் பெயரிட்டதே தவிர, செடியால் பெயரிடவில்லை. காட்டில் தேன் எடுப்பவருக்கு ஒரே அடையில் பல பூக்களின் தேன் கலந்துதான் கிடைக்கும். எடுத்த இடம் உறுதி; செடி ஊகம். அந்தப் பெயரிடலில் ஒரு நேர்மை இருக்கிறது என்றே சொல்லலாம்.

தேனீ வந்து உட்கார்ந்தாலே தேன் எடுக்கிறது என்று கொள்வதுதான் இந்த முறையின் பெரிய குறை. மக்காச்சோளத்தின் ஆண் பூங்கதிரில் காலையில் தேனீ மொய்க்கும். ஆனால் அங்கே இருப்பது மகரந்தம் மட்டுமே. கம்பும் அப்படித்தான். ஆவாரை மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும், தேனீக்கு அதனால் பயன் குறைவு. அதன் பூவில் மதுரம் இல்லை; மகரந்தப் பை நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் வெளிவரும். அதை உதிர்க்க இறக்கைத் தசையை அதிரவைத்து உலுக்க வேண்டும். தச்சு வண்டு என்று சொல்லப்படும் கருந்தேனீ அதைச் செய்யும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை கிடையாது. மறுபுறம், உயர்ந்த நாவல் மரத்தின் உச்சியில் நடக்கும் பெரும் வேட்டை கீழே நிற்பவர் கண்ணில் படாமலே போகும். கண்பார்வை வேலியோரச் செடிக்குக் கூடுதல் மதிப்பும் பெருமரத்துக்குக் குறைந்த மதிப்பும் தந்துவிடுகிறது.

நாள்காட்டியும் பட்டியலும்

நவீன தேனீ வளர்ப்பு வந்தபின் கேள்வி மாதக் கணக்காக மாறியது. பாதிரியார் நியூட்டன் 1910-11இல் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு மரப்பெட்டியை வடிவமைத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பியது. நியூட்டன் பெட்டியைத் தழுவிய மார்த்தாண்டம் பெட்டி அந்த வட்டாரத்தின் அடையாளமாயிற்று. பெட்டியில் புழு அறை கீழும் தேன் அறை மேலும் தனித்தனியாக அமைந்ததால், எப்போது மேலறை வைப்பது, எப்போது எடுப்பது என்பதற்குப் பருவக் கணக்கு தேவைப்பட்டது. புணேயில் 1962இல் தொடங்கப்பட்ட மத்தியத் தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் வேளாண் பல்கலைக்கழகங்களும் வட்டாரவாரியாகப் பூக்கும் கால அட்டவணைகளைத் தொகுத்தன.

இந்த அட்டவணைகளில் ஒவ்வொரு செடிக்கும் எதிரே அது மதுரம் தருமா, மகரந்தம் தருமா, இரண்டும் தருமா என்ற குறி இருக்கும். சமவெளித் தமிழ்நாட்டுக்கு அதன் நடுப்பகுதி ஓரளவு இப்படி அமையும். குளிர்காலம் முடியும்போது மா, முந்திரி. மார்ச் முதல் மே வரை வேம்பு, புங்கம், நாவல். கோடை முற்றும்போது புளி. பயிர்களில் எள், சூரியகாந்தி, கொத்தமல்லி ஆகியவை விதைப்பைப் பொறுத்து. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் மகரந்தத்துக்கு ஓயாத ஆதரவு. முருங்கை ஆண்டில் பல மாதம் பூக்கும்.

பட்டியலின் பயனில் ஐயமில்லை. புதிதாகப் பெட்டி வைப்பவருக்கு அதுவே முதல் வழிகாட்டி. ஆனால் பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை; ஒருமுறை நுழைந்த பெயர் எளிதில் வெளியேறுவதில்லை. பூக்கும் மாதத்தைப் பட்டியல் சொல்லும், எத்தனை நாள் சுரக்கும் என்று சொல்லாது. காபிச் செடி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கோடை மழை நன்றாகப் பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெண்மையாகிவிடும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். மழை பிப்ரவரியில் பெய்கிறதா ஏப்ரலில் பெய்கிறதா என்பதை எந்த அட்டவணையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெட்டி அந்த மூன்று நாளில் அங்கே இருந்தால் வரத்து, இல்லையென்றால் இல்லை.

துளியை அளத்தல்

ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793இல் வெளியிட்ட நூலில், பூவின் மதுரம் பூச்சியை ஈர்க்கவே சுரக்கிறது என்றும் இதழின் கோடுகளும் புள்ளிகளும் அதற்கு வழிகாட்டுகின்றன என்றும் விளக்கினார். அதன்பின் மதுரத்தை அளப்பது அறிவியல் வேலையாயிற்று. மெல்லிய கண்ணாடிக் குழாயால் பூவிலிருந்து துளியை உறிஞ்சி, ஒளிவிலகல் மானியில் சர்க்கரை விழுக்காட்டைப் பார்த்து, ஒரு பூவுக்கு இவ்வளவு, ஒரு மரத்துக்கு இத்தனை பூ, ஒரு ஹெக்டேருக்கு இத்தனை மரம் என்று பெருக்குவார்கள். போலந்திலும் ருமேனியாவிலும் இம்முறை பெரிதும் வளர்ந்தது. ஹெக்டேருக்கு 25 கிலோவுக்குக் கீழ் தருபவை முதல் 500 கிலோவுக்கு மேல் தருபவை வரை செடிகளை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது. பிரிட்டனின் ஈவா கிரேன் தொகுத்த உலகளாவிய தேன் தாவரக் கையேடும் இதைப் பயன்படுத்தியது.

எண்ணாக வருவதால் இந்த விடை உறுதியானது போலத் தோன்றும். உண்மையில் அது செடியின் இயலளவே தவிர, பெட்டிக்கு வரும் அளவு அல்ல. காலை ஏழு மணிக்கு நீர்த்திருக்கும் துளி பதினோரு மணிக்கு வெயிலில் இறுகியிருக்கும். எப்போது அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். இலவம் இரவில் வௌவாலுக்காக மிகுதியாகச் சுரக்கும். விடியலில் எஞ்சியதுதான் தேனீக்கு. எறும்பும் தேன்சிட்டும் எடுப்பதைக் கழிக்க எளிய வழி இல்லை.

இதைவிட ஆழமான சிக்கலைத் தேனீயின் பக்கமிருந்து கார்ல் வான் ஃபிரிஷின் ஆய்வுகள் காட்டின. தேனீ ஏற்கும் இனிப்பின் கீழ்வரம்பு பருவத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது. பஞ்ச காலத்தில் ஆவலோடு குடிக்கும் நீர்த்த பாகைத் தேன் வரத்துக் காலத்தில் அது தொட்டும் பார்க்காது. ஆக, ஒரு செடியின் மதிப்பு அதே வாரத்தில் அருகில் வேறென்ன பூத்திருக்கிறது என்பதையும் சார்ந்தது. ஜூலையில் அருமையாக இருக்கும் தும்பைப் பூவை மார்ச்சில் எந்தத் தேனீயும் பொருட்படுத்தாமல் போகலாம். ஹெக்டேர்க் கணக்கில் இந்த ஒப்பீடு இடம்பெறுவதே இல்லை.

பூவில்லாத தேன்

ரப்பர் மரம் அமேசான் காட்டிலிருந்து வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகள் இலங்கை வழியாக ஆசியாவில் பரவின. கேரளத்திலும் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் அது தோட்டப்பயிராக வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டில். அதாவது, மார்த்தாண்டம் தேன் என்று 2023இல் புவிசார் குறியீடு வரை பெற்ற பொருளின் முதன்மை ஊற்று, மண்ணுக்குப் புதிய மரம்.

டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை முழுவதையும் உதிர்க்கும். தோட்டம் குச்சியும் வெயிலுமாக நிற்கும். சில வாரங்களில் துளிர் வரும். முதலில் செம்பு நிறத்தில் தொங்கும் இலை, பிறகு வெளிர்பச்சை, பிறகு விறைத்த கரும்பச்சை. ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாக அமைந்தது. அந்த மூன்றும் கூடும் முடிச்சில் சிறு சுரப்பிகள் உள்ளன. இலை வெளிர்பச்சையாக இருக்கும் நாட்களில் காலையில் அந்த முடிச்சில் கண்ணாடி மணிபோல் துளி தேங்கி நிற்கும். தொட்டு நாவில் வைத்தால் இனிக்கும். தேனீ வருவது அதற்குத்தான். இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். ஒரு மரத்தில் அது இரண்டு மூன்று வாரக் கதைதான். மரங்கள் எல்லாம் ஒரே நாளில் துளிர்க்காததால் வட்டாரம் முழுவதற்கும் வரத்து ஏறத்தாழ பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நீள்கிறது. தெற்கில் முன்னதாகவும் வடக்கே போகப் போகப் பின்னதாகவும் துளிர்ப்பதைப் பயன்படுத்தி, குமரிக்காரர்கள் இரவில் வாயிலடைத்த பெட்டிகளை வண்டியேற்றிக் கேரளத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். இலங்கையின் ரப்பர்ப் பகுதிகளிலும் ஆண்டின் தொடக்கத்தில் இதே வரத்து உண்டு.

பூவுக்கு வெளியே சுரக்கும் இனிப்பு தாவரவியலுக்குப் புதிதல்ல. பருத்தி, ஆமணக்கு, தட்டைப்பயறு ஆகியவற்றிலும் அது உண்டு. அது எதற்காகச் சுரக்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டில் பெரிய விவாதமாக இருந்தது. எறும்பை வரவழைத்து இலையைக் காக்கவே என்று இத்தாலியின் டெல்பினோவும், நிகராகுவாவின் வேல மரங்களைப் பார்த்த தாமஸ் பெல்ட்டும் கருதினர். சில செடிகளில் அது வெறும் கழிவாகவே தொடங்கியிருக்கலாம் என்பது டார்வினின் எண்ணம். பல செடிகளுக்கு எறும்பு விளக்கம் பொருந்துகிறது. தேனீ வளர்ப்பவருக்கு இந்த விவாதத்தின் முடிவு முக்கியமல்ல. பூவைத் தேடிச் செய்யப்பட்ட எந்தக் கணக்கெடுப்பும் வட்டாரத்தின் தலையாய வரத்தைத் தவறவிடும் என்பதே முக்கியம். ரப்பருக்கும் பூ உண்டு; சிறிய மஞ்சள் பூக்கள். அவற்றை நம்பி யாரும் பெட்டி வைப்பதில்லை.

மகரந்த எண்ணிக்கை

சுவிட்சர்லாந்தின் ஃபிஸ்டர் 1895இல் தேனில் உள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து அதன் பிறப்பிடத்தைச் சொல்ல முயன்றார். ஜெர்மனியின் சாண்டர் அதை விரிவுபடுத்தினார். 1970களில் லூவோ, மௌரிசியோ, வோர்வோல் ஆகிய மூவர் வகுத்த நடைமுறை இன்றும் அடிப்படையாக உள்ளது. எண்ணிய மகரந்தத்தில் 45 விழுக்காட்டுக்கு மேல் ஒரே செடியினுடையதாக இருந்தால் அது முதன்மை ஊற்று. 16 முதல் 45 வரை இரண்டாம் நிலை. அதற்கும் கீழே சிறு பங்கு.

எல்லாச் செடிகளும் ஒரே அளவில் மகரந்தத்தைத் தேனில் உதிர்ப்பதில்லை என்பது இம்முறையை வகுத்தவர்களுக்கே தெரியும். ஐரோப்பியக் கஷ்கொட்டை மரத்தின் மகரந்தம் அளவுக்கு மீறிச் சேரும் என்பதால் அதற்கு 90 விழுக்காட்டையும், எலுமிச்சை இனத்துக்கு மிகக் குறைந்த விழுக்காட்டையும் எல்லையாக வைத்தார்கள். ரப்பரில் இந்தத் திருத்தம்கூடப் போதாது. சுரப்பி இலையில், மகரந்தம் பூவில். இரண்டும் சந்திப்பதே இல்லை. ரப்பர் தோட்டத்து நடுவில் எடுத்த தேனில் நுண்ணோக்கி காட்டுவது ஓரத்துத் தென்னையும் தொட்டாற்சுருங்கியும் களைகளுமாக இருக்கக்கூடும். அதை அப்படியே நம்பி எழுதினால் ரப்பர்க் காட்டின் தேன் தென்னந்தேனாகிவிடும். மகரந்தத்தின் மரபணுவைப் படிக்கும் புதிய முறைகள் அடையாளம் காண்பதில் கூர்மையானவை. ஆனால் அவையும் பெரிதும் அதே மகரந்தத்தையே நம்புகின்றன.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்ற சிக்கல் அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தேனில் கிராமுக்குக் குறைந்தது 25,000 மகரந்தத் துகள் இருக்க வேண்டும் என்றன. பிறகு அது 5,000 ஆகக் குறைக்கப்பட்டது. கலப்படத்தைப் பிடிக்கப் போட்ட எல்லை, இயல்பிலேயே மகரந்தம் குறைந்த தேனையும் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவரும். ஈரமும் அப்படித்தான்: விதி 20 விழுக்காடு என்கிறது, ஈரப்பதம் மிகுந்த கடலோர மாவட்டத்தில் இந்தியத் தேனீ மூடிவைக்கும் தேன் இயற்கையாகவே அதைத் தாண்டுவது உண்டு. இவற்றோடு ரப்பர் தேன் விரைவில் உறையும். பாட்டிலின் அடியில் வெள்ளைப் பருக்கை படிந்ததும் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு எழும். அது குளுக்கோஸின் இயல்பு. உறைவதை வைத்து மட்டும் கலப்படம் என்று முடிவு செய்ய முடியாது.

பெட்டியின் எடையும் முந்தைய மாதமும்

மேற்சொன்ன முறைகள் செடியிலிருந்து தொடங்குபவை. தேனீ வளர்ப்பவர் பெட்டியிலிருந்து தொடங்குகிறார். பெட்டியைத் திறந்தால் அடையின் மேல்விளிம்பில் புது மெழுகு வெள்ளையாக நீண்டிருக்கும், சட்டத்தை லேசாக உலுக்கினால் மூடாத தேன் தெறிக்கும், மாலையில் வாயிலருகே இறக்கை வீசும் இரைச்சல் கூடும். வரத்து தொடங்கிவிட்டது என்பதற்கு இவை போதும். இதையே எண்ணாக்க விரும்பியவர்கள் பெட்டியைத் தராசில் நிரந்தரமாக வைத்து அன்றாடம் எடை குறித்தார்கள். அமெரிக்காவில் நாசாவின் கடலியல் அறிஞர் வெய்ன் எசாயஸ் இத்தகைய எடைக் குறிப்புகளைப் பல இடங்களிலிருந்து திரட்டிப் பூக்கும் பருவம் எப்படி நகர்கிறது என்று பார்க்க முனைந்தார்.

எடை பொய் சொல்லாது. ஆனால் காரணத்தைச் சொல்லாது. பெட்டி நிரம்பியது என்று காட்டும், எந்த மரம் நிரப்பியது என்று காட்டாது. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒன்று ஒன்றரை கிலோமீட்டருக்குள் வேட்டையாடும். அந்த வட்டத்துக்குள் ஒரே சமயத்தில் பத்துச் செடி பூத்திருக்கலாம். எடை கூட்டத்தின் உடல்நலத்தையும் சார்ந்தது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்னும் புழு வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. அந்த ஆண்டுகளில் தேன் குறைந்ததைக் கொண்டு ரப்பரின் சுரப்பைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

பட்டியல்கள் மிகக் குறைவாகக் கவனித்த இடம் இங்கேதான் உள்ளது. முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர ஏறக்குறைய 20 நாள். பிறகு இரண்டு மூன்று வாரம் வீட்டு வேலை. ஆக, வயலுக்குப் போகும் தேனீ ஒன்று உருவாக 40 நாள் அளவுக்கு ஆகிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் ரப்பர் துளியை உறிஞ்ச வேண்டிய தேனீ, டிசம்பர் பிற்பகுதியிலேயே முட்டையாக இடப்பட்டிருக்க வேண்டும். அப்போது புழுவுக்கு ஊட்ட மகரந்தம் வேண்டும். ரப்பர் இலையில் அது இல்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தலைகாட்டும் களைச்செடிகள், தென்னை, தோட்டத்து ஓரப் புதர்கள் ஆகியவைதான் அந்தக் கூட்டத்தை வளர்த்தெடுக்கின்றன. இவற்றில் ஒன்றும் பாட்டில் சீட்டில் இடம்பெறாது. சிறு செடி என்று பட்டியலில் ஒதுக்கப்படும் இவை இல்லாமல் போனால், பெருவரத்து வரும்போது பெட்டியில் வாரி எடுக்க ஆள் இருக்காது. ஒரு செடியின் முக்கியத்துவத்தை அதன் சொந்தச் சுரப்பால் மட்டும் அளப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வரத்து முடிந்த பின்னும் கணக்கு தொடரும். தென்மேற்குப் பருவமழை மாதங்கள் குமரியில் பஞ்ச காலம். ரப்பர்க் காடு பச்சையாக நிற்கும், தேனீக்கு அதில் ஒன்றுமில்லை. சர்க்கரைப் பாகு ஊற்றிக் கூட்டத்தைக் காப்பாற்றுகிறார்கள். தவறினால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். ஒரே மரம் நிறைந்த நிலம் இரண்டு மாதம் அள்ளித் தந்து பல மாதம் கைவிரிக்கிறது.

தீராதவை

எந்த ஒரு முறையும் தனியாகப் போதாது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மகரந்தப் படிப்பும் பெட்டி எடையும் சுற்றுவட்டாரக் கணக்கெடுப்பும் சேர்ந்தால்தான் ஓரளவு நம்பத்தக்க படம் கிடைக்கிறது. பூவுக்கு வெளியே சுரக்கும் தேனை மகரந்தத்தின் துணையின்றி உறுதியாக அடையாளம் காண எளிய, மலிவான முறை இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. அதுவரை ரப்பர் தேன் என்ற பெயர் பெரும்பாலும் பெட்டி நின்ற இடத்தையும் மாதத்தையும் நம்பியே வழங்கும். சித்த மருத்துவ மரபு இடத்தால் பெயரிட்டதை நினைத்தால், வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பதாகத் தோன்றும்.

ரப்பரின் நிலையும் உறுதியானதல்ல. துளிர்க்கும் நாட்களில் பனியும் மழையும் சேர்ந்தால் இலையில் சாம்பல் நோய் பற்றி இளந்துளிர் உதிர்ந்துவிடும். சுரப்பும் அதோடு போகும். உதிர்வும் துளிர்ப்பும் ஒழுங்கு தவறினால் வரத்து நீளுமா சிதறுமா என்பது வட்டாரந்தோறும் பல ஆண்டு எடைக் குறிப்புகள் சேர்ந்தால்தான் தெரியும். நோய்க்குத் தூவும் மருந்து சுரக்கும் முடிச்சில் எவ்வளவு படிகிறது என்பதும் விரிவாகப் பார்க்க வேண்டிய ஒன்று.

வறண்ட மாவட்டங்களில் கேள்வி வேறு முகம் காட்டுகிறது. சீமைக் கருவேல் நிலத்தடி நீருக்கும் மேய்ச்சலுக்கும் கேடு என்று அதை அகற்றக் கோரும் குரல் நீதிமன்றம் வரை சென்றது. ஆனால் இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதிகளில் மற்றவை காய்ந்து கிடக்கும் மாதங்களில் தேனீக்கு மதுரமும் மகரந்தமும் தருவது பெரும்பாலும் அதுதான். அதை அகற்றிய இடத்தில் குடைவேலும் இலந்தையும் புங்கமும் வளர்ந்து பூக்கும் வரை, இடைப்பட்ட ஆண்டுகளில் அங்குள்ள தேனீக்கள் எதை உண்ணும் என்பதற்கு அகற்றும் திட்டங்களில் பொதுவாக இடம் ஒதுக்கப்படுவதில்லை.